விழப்போகும் பல்லுக்கு வைத்தியம்: சத்துவாச்சாரியில் ஒரு குழந்தைப் பல் கிளினிக்

"விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரும் பெற்றோரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு குழந்தைப் பல் மருத்துவமனையை எடைபோட வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் சர்வீஸ் சாலையை ஒட்டி மாடியில் இயங்கும் ஒரு சிறிய கிளினிக்கில் எங்கள் 7 வயது மகளுக்குச் சிகிச்சை பெற்றோம். அந்த அளவுகோலின்படி அது நன்றாகவே தேறுகிறது.

மகளுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றும் சொத்தையாகியிருந்தன. முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்த மருத்துவர், அது சீக்கிரமே தானாக விழுந்துவிடும், எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, பால் பல்லின் இரண்டு வேர்களுக்கும் நடுவே வெள்ளையாகத் தெரிந்த நிரந்தரப் பல்லைப் பேனா முனையால் சுட்டிக்காட்டினார். 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டிய அந்தப் பால் பல்லை இப்போதே பிடுங்கினால், அதற்குப் பின்புறத்தில் 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்பக்கம் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றும், அடியில் இருப்பது கோணலாக முளைக்கவோ வெளிவர வழியின்றி நின்றுவிடவோ கூடும் என்றும், சீழ் பிடிக்க விட்டால் அதன் எனாமலே பழுதாகலாம் என்றும் பொறுமையாக விளக்கினார்.

ரூட் கேனல் செய்து, வேரோடு சேர்ந்து கரையும் மருந்தை அடைத்து, மேலே ஸ்டீல் கேப் போட்டார்கள். பல் விழும்போது கேப்பும் கூடவே விழுந்துவிடுமாம். மகள் அதை வெள்ளிப் பல் என்று எல்லோரிடமும் காட்டித் திரிகிறாள்.

முன்பு எந்தப் பல்லும் விழாமலே புதிதாக முளைப்பதால், 6 வயதுக் கடைவாய்ப் பல்லையும் பால் பல் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல் அது. நாங்கள் கேட்காமலே அதன் பள்ளங்களைப் பூசி அடைக்கச் சொன்னது இந்த மருத்துவருடைய அக்கறைக்குச் சான்று.

உணவு விஷயத்தில் அதட்டல் இல்லை. மக்கன் பேடா இல்லாமல் ஆற்காட்டிலிருந்து திரும்பாத என் மாமியாரிடம், "பேடா கொடுங்கம்மா, ஆனா சாப்பாட்டோட சேர்த்துக் கொடுங்க, நடுநடுவுல வேண்டாம். ராத்திரி சர்க்கரை போட்ட பால் குடிச்சா, பல் தேய்ச்சிட்டுத்தான் படுக்கணும்" என்றார். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லை அரிக்கிறது என்பதை மாமியாரும் ஏற்றுக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டார்.

குறைகளும் உண்டு. நேரம் குறித்துக்கொடுத்தாலும் பள்ளி விடும் மாலை வேளையில் நீண்ட நேரம் உட்கார வைத்துவிடுகிறார்கள். உள்ளே மருத்துவர் சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) உள்ள பற்பசையைப் பட்டாணி அளவும், 3 வயதுக்குக் கீழ் அரிசி அளவும் பயன்படுத்தச் சொல்கிறார். வெளியே வரவேற்பு மேசையிலோ ஃபுளூரைடே இல்லாத ஸ்ட்ராபெரி பற்பசையை விற்கிறார்கள். இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கேப்புக்குத் தனிக் கட்டணம் என்பதும் குழந்தை வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. போகிறவர்கள் முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.