மினியேச்சர் ஷ்னாசர்: சீப்புக்கு நின்றால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி

மிளகு எட்டு வாரக் குட்டியாக எங்கள் கோவை வீட்டுக்கு வந்தாள். இப்போது நடுவயதை நெருங்குகிறாள். மினியேச்சர் ஷ்னாசர் இன நாய், சால்ட் அண்ட் பெப்பர் நிறம், அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல். உயரம் 30 முதல் 35 செ.மீ., எடை 8 கிலோவுக்குள். அடுக்குமாடி வீட்டுக்குத் தோதான நாய் என்று பலரும் இந்த இனத்தை விசாரிக்கிறார்கள். தோதுதான். ஆனால் ஷ்னாசருக்கு முடி பராமரிப்பு ஒரு வேலை, பயிற்சி இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்கவே கூடாது. தொட்டால் அசையாமல் நிற்கப் பழகிய நாய் மற்றதையெல்லாம் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. நிற்கப் பழகாவிட்டால் சீப்பு, நகவெட்டி, ஊசி எல்லாமே போராட்டம்தான்.

"இதுக்கு முடியே கொட்டாது" என்று சொல்லித்தான் விற்பார்கள். வீட்டுத் தரையைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் உதிர வேண்டிய முடி எங்கே போகும்? நாயின் மேலேயேதான் தங்கும். ஷ்னாசருக்கு இரண்டு அடுக்கு முடி: வெளியே தேங்காய் நார் போல முரடாக ஒன்று, உள்ளே மிருதுவாக இன்னொன்று. உள்முடி செத்து வெளிமுடியோடு பின்னிக்கொண்டால் சிக்கு விழும். அக்குள், காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு, இந்த நாலு இடங்களில்தான் முதலில் விழும். மேலோட்டமாக பிரஷ் ஓட்டினால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அடியில் தோலோடு ஒட்டிக் கெட்டியாகிக்கொண்டே போகும். காலின் நீள முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு ஒவ்வொரு அடுக்காகச் சீவ வேண்டும். முதலில் ஸ்லிக்கர் பிரஷ் (நெருக்கமான மெல்லிய கம்பிப் பற்கள் உள்ளது), அப்புறம் இரும்புச் சீப்பு. சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடையில்லாமல் இறங்கினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். குளிப்பாட்டுவதும் இதற்குப் பிறகுதான். சிக்கோடு நனைத்தால் அது இன்னும் இறுகும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் நாய் நிற்க வேண்டுமே. குட்டியாக வந்த முதல் வாரத்திலிருந்தே மேஜை மேல் வழுக்காத ரப்பர் மேட் போட்டு மிளகை நிறுத்துவோம். ஒரு காலைத் தொட்டுவிட்டு விட்டால் ஒரு துண்டு தின்பண்டம். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தால் ஒரு துண்டு. டிரிம்மரை உடம்பில் வைக்காமல் பக்கத்தில் சும்மா ஓடவிட்டு ஒரு துண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் அவளாகவே வாலை ஆட்டிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகுதான் அதை முதுகில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் சில நிமிஷங்கள் போதும். அவள் சலித்துக்கொள்வதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

தின்பண்டம் என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, மிளகளவு. இல்லையென்றால் கேரட். மினியேச்சர் ஷ்னாசர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும் சுபாவம் உண்டு, கணைய அழற்சியும் மற்ற இனங்களைவிட அதிகம் வருகிறது. எங்கள் பாட்டி, "பாவம்டா, வாயில்லா ஜீவன், ஒரு வாய் நெய் சாதம் குடுத்தா என்ன ஆயிடும்?" என்று கேட்பார். "பாட்டி, இவளுக்கு நெய்தான் விஷம்" என்று சொல்லிப் புரியவைத்தோம். இப்போது அவரே வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறார். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை எந்த நாய்க்குமே ஆகாது, அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

குரைப்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். ஜெர்மனியின் பண்ணைகளில் எலி பிடிக்கவும் காவலுக்கும் இருந்த இனம், காலிங் பெல்லுக்குச் சும்மா இருக்காது. அதட்டினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அதனால் பெல் அடித்தால் பாயில் போய் உட்கார வேண்டும் என்று பழக்கினோம். ஒருவர் வெளியே நின்று பெல் அடிப்பார், இன்னொருவர் பாயில் தின்பண்டம் போடுவார். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வது என்று முடிவு செய்த பிறகு சீக்கிரம் படிந்துவிட்டது. இன்றும் இரண்டு குரை குரைத்துவிட்டுத்தான் பாய்க்குப் போகிறாள். அது அவள் உரிமை என்று விட்டுவிட்டேன். அணிலைக் கண்டால் மட்டும் எந்தப் பயிற்சியும் எடுபடாது. வெளியே போனால் கயிறு கட்டாயம்.

முடி வெட்ட ஆரம்பத்தில் ஒரு பார்லருக்குக் கொண்டுபோனோம். வெயில் காலம் என்று தோல் தெரிய வழித்து அனுப்பிவிட்டார்கள். தாடியையும் விடவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அந்த முடிதானே. அதன் பிறகு எல்லாம் வீட்டில்தான். முதுகுக்கு டிரிம்மரில் 10-ஆம் எண் பிளேடு, கழுத்திலிருந்து வால் பக்கமாக, முடி படியும் திசையில். பிளேடு சூடாகிக்கொண்டே இருக்கும், அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். புருவத்துக்கு மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், முனை கண்ணைப் பார்க்காமல் விலகி இருக்கும்படி. மெஷின் போடப்போட முரட்டு முடி மிருதுவாகும், நிறமும் வெளிறும். கையால் முடி பறித்து எடுக்கும் ஹேண்ட் ஸ்டிரிப்பிங் முறையில் அந்த முரட்டுத்தன்மை போகாது, ஆனால் நேரம் பிடிக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகாதவர்களுக்கு மெஷினே போதும் என்பது என் கருத்து.

தாடி தினசரி வேலை. சாப்பிட்டதும் தண்ணீர் குடித்ததும் துடைக்காவிட்டால் நாறும், செம்பழுப்பாகக் கறையும் ஏறும். வாக்கிங் போய்விட்டு வந்ததும் தாடி, காது, விரல் இடுக்கு மூன்றிலும் விரலை விட்டு உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். நம் ஊர்ச் சூட்டில் உண்ணிக்கு வருஷம் முழுக்கக் காலம்தான். உண்ணிக் காய்ச்சல் ரத்த அணுக்களையே தாக்கும், லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகம் கறுப்பு என்பதால் உள்ளே ரத்தக் குழாய் எதுவரை வருகிறது என்று தெரியாது. நுனியை மட்டும் சீவிச் சீவி எடுத்து, வெட்டிய இடத்தின் நடுவில் கறும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துகிறேன். பக்கத்தில் ரத்தம் நிறுத்தும் பவுடர், அது இல்லாவிட்டால் சோள மாவு.

சீவும்போது முதுகில் சின்னச் சின்னக் கரும்பருக்கள் தட்டுப்பட்டால் பயந்துவிட வேண்டாம். இந்த இனத்துக்கே உள்ள தோல் பிரச்சினை அது, மருந்து ஷாம்பூவில் பெரும்பாலும் அடங்கும். பிதுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சாமான் வாங்குவதாக இருந்தால் நல்ல இரும்புச் சீப்புக்கும் பிளேடுக்கும் தாராளமாகச் செலவு செய்யலாம். வாசனை ஸ்பிரே, நாய்க்கான பவுடர் எதுவும் எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை.