நாலு வருஷப் போனும் மூலையில் ஒரு நெளிசலும்

இந்த ஆண்ட்ராய்டு போனை வாங்கியது 2021 அக்டோபரில். பெட்டியிலேயே ஐபி67 என்று, அதாவது தூசியும் தண்ணீரும் தாங்கும் தரக் குறியீடு, போட்டிருந்தது. அடுத்த மாதமே சென்னையில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பேன்ட் பாக்கெட்டில் இருந்த போன் தொப்பலாக நனைந்தது. வீட்டுக்கு வந்து துடைத்து வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் எனக்குத் தெனாவட்டு வந்துவிட்டது. நண்பர்கள் முன்னால் குழாயடியில் கழுவியே காட்டியிருக்கிறேன்.

2023 மே மாதம் மாடிப்படியில் கை நழுவி விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மேல் மூலையில் மட்டும் மிளகளவு ஒரு நெளிசல். கவர் போட்டதும் அது மறைந்தது, நானும் மறந்துவிட்டேன்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்த முறை போன் வெள்ளத்தில் எல்லாம் போகவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்ததில் சாரல் அடித்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் கேமரா லென்ஸுக்கு உட்புறம் யாரோ மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்திருக்கிறது. அம்மா அரிசி டப்பாவில் போடச் சொன்னார், போட்டேன். சார்ஜிங் ஓட்டையில் அரிசி மாவு ஏறியதுதான் மிச்சம். (அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஆப்பிளே 2024இல் தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது.) ஏரியாவில் கரண்ட் இல்லை, ஊரிலிருந்து போன் மேல் போன் வருகிறது, பேட்டரியோ கீழே. ஈரம் காய்வதற்குள் இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே உலோகம் அரிக்கும் வேகமே வேறு.

விளைவு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பேசி முடித்துக் காதிலிருந்து எடுத்தால் திரை கறுப்பாகவே நிற்கும், கட் பண்ண முடியாது. சர்வீஸ் சென்டரில் சிம் டிரேயை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு குட்டி ஸ்டிக்கர் உண்டு. திரவம் பட்டால் வெள்ளை போய்ச் சிவப்போ பிங்க்கோ ஆகிவிடும். என்னுடையது பளிச்சென்று வெள்ளை. “தண்ணி போகலை சார்” என்று சாஃப்ட்வேர் அப்டேட் செய்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

கடைசியில் ரிச்சி தெருவில் போன் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவர் சிம் பக்கமே போகவில்லை. கவரைக் கழற்றிவிட்டு, ஃபிரேமும் திரையும் சேருகிற விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். நெளிசலில் நகம் நின்றது. “இது எப்ப விழுந்துச்சு சார்?”

சூடு காட்டித் திறந்ததும் எனக்கே காட்டினார். அந்த மூலையில் மட்டும் ஒட்டுப்பசை அரை விரல் நீளத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே இருந்த கனெக்டரில் பழைய செப்புப் பாத்திரத்துக் களிம்புபோலப் பச்சை. உள்ளேயும் ஸ்டிக்கர்கள் இருந்தன. பேட்டரி பக்கம் இருந்தது வெள்ளை, மூலைக்குப் பக்கத்தில் இருந்தது பிங்க். சிம் ஓட்டை ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. அந்த வழியாகத் தண்ணீர் வரவில்லை என்று மட்டும்தான் அது சொன்னது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷைத் தொட்டுத் தேய்த்து, புது ஒட்டு போட்டு, 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். “சீல் இனிமே கம்பெனி சீல் கிடையாது, தண்ணிப் பக்கம் போகாதீங்க.”

ஐபி67 என்பது நல்ல தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்று ஆய்வகத்தில் வைத்துச் சோதித்த கணக்கு. அதுவும் அடிபடாத புதுப் போனுக்கு. எனக்கு அந்தத் தரத்தின்மேல் கோபம் இல்லை, 2021இல் அது காப்பாற்றியது. கவரைப் போட்டு நெளிசலை மூடி வைத்தது நான்தான்.

இப்போதெல்லாம் போன் விழுந்தால் முதலில் கவரைக் கழற்றி விளிம்பில் நகத்தை ஓட்டுகிறேன். கண்ணாடி மேசையில் திரையைக் கவிழ்த்து வைத்து மூலைகளை அழுத்தினால், ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆடினால் ஃபிரேம் வளைந்திருக்கலாம், பேட்டரி உப்பியும் இருக்கலாம். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அதோடு நிறுத்திவிட வேண்டும். ஏதாவது ஒரு ஆப் ஐகானை விரலில் பிடித்துத் திரை முழுக்க இழுத்தால், டச் செத்த இடத்தில் அது விட்டுப்போகும். வீட்டிலிருக்கும் சாம்சங்கில் *#0*# போட்டால் சோதனை மெனுவே வருகிறது, ரொம்ப வசதி. மைக்குக்கு வாய்ஸ் ரெக்கார்டர் போதும்.

போன மாதம் அக்கா மகனுக்குப் பழைய போன் ஒன்று பார்க்கப் போனோம். திரை, ஃபிரேம், கேமரா எல்லாம் சுத்தம். சிம் டிரேயை உருவி டார்ச் அடித்தேன். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. “கம்பெனியிலேயே ஒட்டலை அண்ணே” என்றார் விற்கிறவர். அவர் வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டோம்.