ஜப்பானிய மொழியைத் தமிழ் இலக்கணம் வழியாகப் படித்தால்: சில ஆண்டு அனுபவம்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து, சில ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஜப்பானியப் பொறியாளர்களோடு தினமும் பேச வேண்டிய இடம். இத்தனை நாள் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. நாம் இந்த மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது தேவையில்லாத சுற்றுவழி. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணமே இதற்குப் போதுமான கருவி.

வகுப்புகளில் பெரும்பாலும் 'மின்னா நோ நிஹோங்கோ' பாடநூல்தான் வைக்கிறார்கள். தொடக்க நிலைக்கு இரண்டு பாகம், மொத்தம் 50 பாடம். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்தில் இருக்கும். விளக்கம் தனிப் புத்தகமாக வரும். நம் ஊரில் பலர் வாங்குவது ஆங்கில விளக்கம். அதைப் படித்தால் வினைச்சொல் கடைசியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் ஏதோ விசித்திரம் போலத் தோன்றும். நமக்கு அதில் என்ன விசித்திரம்? 'ஓ' என்றால் ஐ, 'நி' என்றால் கு, 'காரா' என்றால் இருந்து, 'மாதே' என்றால் வரை. முழுக்க ஒத்துப்போகாது, ஆனால் முதல் சில மாதங்களுக்கு இது தாராளமாகப் போதும்.

எல்லோரும் பயப்படுகிற 'தே' வடிவத்தைப் பாருங்கள். 'அசா ஒகிதே, காஓ ஓ அரத்தே, கோஹீ ஓ நொமிமாசு.' காலையில் எழுந்து, முகம் கழுவி, காபி குடிக்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. எழுந்து, கழுவி இரண்டும் வினையெச்சம். 'ஒகிதே', 'அரத்தே' இரண்டும் அதுதான். இதோடு நிற்கவில்லை. வினையெச்சத்துக்குப் பின்னால் நாம் துணைவினை சேர்ப்பது போலவே அவர்களும் சேர்க்கிறார்கள். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்பதன் நேர்ப்பொருளும் பார் என்பதுதான். 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வை. 'வசுரெதே ஷிமத்தா' என்றால் மறந்துவிட்டேன், அந்த விட்டேனில் இருக்கிற வருத்தம் உட்பட. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்கள் சொல்லும் 'இத்தேகிமாசு', நம்முடைய போய்ட்டு வரேன். ஆங்கில விளக்கத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி விதியாக, தனித்தனிப் பாடமாக வரும். தமிழில் யோசித்தால் எல்லாம் ஒரே பாடம்.

பெயரெச்சமும் அப்படியே. 'கினோ கத்தா ஹோன்': நேற்று வாங்கிய புத்தகம். 'தனகா தோ யூ ஹிதோ': தனகா என்கிற ஆள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கொடுப்பது, வாங்குவது பற்றிய வினைச்சொற்கள். கொடு என்பதற்கு ஜப்பானிய மொழியில் இரண்டு சொல். எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவர் கொடுத்தால் 'குரேரு'. நான் இன்னொருவருக்குக் கொடுத்தாலும், யாரோ யாருக்கோ கொடுத்தாலும் 'அகேரு'. வகுப்பில் பலரும் தடுமாறுகிற இடம் இது, காரணம் இன்றைய பேச்சுத் தமிழில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஆனால் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், இதற்கென்றே விதி இருக்கிறது: தருதல், வருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை. மலையாளத்தில் இன்றைக்கும் எனக்கு என்றால் 'தா', அவனுக்கு என்றால் 'கொடு' என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். உனக்குத் தருகிறேன் என்று நாம் சொல்கிற இடத்தில் ஜப்பானியர் 'அகேரு' பக்கம் போய்விடுவார்கள். மற்றபடி எனக்குத் தா, அவனுக்குக் கொடு என்ற பழைய தமிழ் வழக்கைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாடம் சட்டென்று விளங்கிவிடும். அதற்குப் பிறகு 'ஓஷிஏதே குரேரு' என்பது சொல்லித் தா என்று தானாகவே காதில் விழும்.

சுட்டுச் சொற்களில் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபம். ஜப்பானியத்தில் இது, அது என்று இரண்டோடு முடியாது. என் பக்கம் இருப்பது 'கோரே', கேட்பவர் பக்கம் இருப்பது 'சோரே', இருவருக்கும் தள்ளி இருப்பது 'அரே'. தமிழ்நாட்டில் நாம் உகரச் சுட்டைத் தொலைத்துவிட்டோம். இலங்கைத் தமிழில் இது, உது, அது மூன்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கிருந்து வந்த நண்பர் ஒருவருக்கு 'சோரே' பற்றி விளக்கம் எதுவுமே தேவைப்படவில்லை. உது என்றார், அவ்வளவுதான்.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டு எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் இதே அமைப்பு உண்டு. கொரிய மொழியிலும் சாப்பிட்டுப் பார் என்பதை இப்படியேதான் சொல்கிறார்கள்.

உச்சரிப்பு பாதி வரம், பாதி ஆபத்து. குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்தது. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. இதைக் கேட்டுப் பிரிக்க நமக்குப் பயிற்சியே வேண்டாம். 'கிதே' என்றால் வந்து, 'கித்தே' என்றால் தபால்தலை. ஆனால் நமக்கு ஒற்று அரை மாத்திரைதான். அங்கே அது முழு மாத்திரை, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஆபத்து எங்கே என்றால் எழுத்தில். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்' என்றுதான் வரும். ஒலியில் முதல் எழுத்து வேறு. அதனால் இலக்கணத்தைத் தமிழில் யோசியுங்கள், எழுதும்போது முதல் வாரத்திலிருந்தே ஹிரகானா என்கிற ஜப்பானிய ஒலியெழுத்துக்குப் போய்விடுங்கள். அடிப்படை எழுத்து 46தான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது 'கஞ்சி' எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010இல் வரையறுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்பு. இதற்குக் குறுக்குவழி கிடையாது. நான் முதல் நாளிலிருந்து பயன்படுத்துவது ஆன்கி செயலி. படிக்க வேண்டியதை முன்பக்கமும் பின்பக்கமுமாக எழுதிய அட்டையை, நாம் மறக்கப்போகிற சமயம் பார்த்துத் திரும்பக் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாரோ செய்துவைத்த பெரிய தொகுப்பை இறக்கிக்கொள்வதைவிட, அன்றைக்குப் படித்த வாக்கியத்தை நீங்களே அட்டையாகப் போடுவது நல்லது. முன்பக்கம் ஜப்பானிய வாக்கியம், பின்பக்கம் தமிழ். பொங்கல் விடுமுறை வருகிறது என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே புதிய அட்டைகளை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மலைபோல் குவிந்திருக்கும்.

இன்னொன்று எழுவாய்க்குப் பின்னால் ஒட்டுகிற 'வா', 'கா' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. நான்தான் தனகா என்று அழுத்திச் சொல்கிற இடத்தில் 'கா' வரும் என்று பிடித்துக்கொண்டால் பாதி தூரம் போகலாம். மீதி, படித்துப் படித்துக் காதில் ஏறுவதுதான்.

தேர்வு பற்றியும் கேட்பீர்கள். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து நிலை, எளிதான என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு நடத்துகிறது. என்4க்கு 180க்கு 90 எடுக்க வேண்டும், அதோடு மொழியறிவு, வாசிப்புப் பகுதியில் தனியாக 120க்கு 38, கேட்டல் பகுதியில் தனியாக 60க்கு 19. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. அதனால் சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க முடியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேலைக்காகப் படிப்பவர்கள் பேசுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இப்போது நான் உழைத்துக்கொண்டிருப்பது மரியாதை வழக்கில். நம்மிடமும் மரியாதைப் பன்மை உண்டு, ஆனால் அது ஆளைப் பார்த்து வருவது. என் மேலாளரைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் அவர் எனக்கு 'அவர்'தான். ஜப்பானியத்தில் அது யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அலுவலகத்துக்குள் 'தனகா சான்' என்று அழைக்கிற அதே மேலாளரைப் பற்றி வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டால், மரியாதைக்காகச் சேர்க்கிற சானை எடுத்துவிட்டு, வினையையும் தாழ்த்தி, 'தனகா வா தடாஇமா செகி ஓ ஹசுஷிதே ஒரிமாசு' என்றுதான் சொல்ல வேண்டும்: தனகா தற்சமயம் இருக்கையில் இல்லை. பெரியவரைப் பெயர் சொல்லவே தயங்குகிற நமக்கு இது லேசில் வராது. இதில் விதியைப் படித்துப் பயனில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களில் ஒரு இருபது முப்பதை அப்படியே மனப்பாடம் செய்து, தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். தொலைபேசி அழைப்பை இப்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிடாமல் நானே எடுக்கிறேன்.