முதல் பாலா, டின் பாலா, வழுக்கையா? நாவல்பழ காக்டெயிலுக்கு எது தோது

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ரோட்டோரத்தில் நாவல்பழக் கூடைகள் வந்துவிடும். இந்த முறை கூடைகளோடு அண்ணன் மகனும் வந்து இறங்கினான், சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில். அங்கே ஒரு பாரில் தேங்காய்க் கிரீம், ராஸ்பெர்ரி, சோடா மூன்றும் சேர்ந்த பானம் ஒன்றைக் குடித்தானாம். பாயசம் போல் வழவழவென்று இறங்குமாம், அதே வாயில் சுருசுருவென்று பொங்கவும் செய்யுமாம். "நம் வீட்டில் செய்ய முடியாதா, சித்தப்பா?" என்றான்.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உட்கார்ந்துகொண்டு தேங்காய்ப் பானத்துக்கு யோசிப்பதா என்று எனக்குத் தோன்றியது. நல்ல முற்றல் காயாக ஒன்றை உடைத்து, துருவி, வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்து முதல் பால் எடுத்தோம். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும் நாவல் சாறு, எலுமிச்சை, ஐஸ், சோடா எல்லாம் ஊற்றிக் கலக்கினோம். ஒரு நிமிடம் அழகாக இருந்தது. பிறகு கிளாஸின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, அடியில் ஊதாத் தண்ணீரும் மேலே திப்பியுமாகப் பிரிந்து நின்றது. வளவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் ஆத்தா எட்டிப் பார்த்தார். "பால் திரிந்துவிட்டது. இதைப் போய்க் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வைத்திருக்கிறீர்களே."

அதன் பிறகு மூன்று மாலைகள், பதினொரு கிளாஸ்கள். அந்த அனுபவத்தில்தான் இந்த ஒப்பீடு.

தேங்காய்க் கிரீமையும் ரம்மையும் சேர்த்து உலகுக்குக் கொடுத்தது போர்ட்டோ ரிக்கோ தீவு. அன்னாசியும் சேர்ந்த பினா கொலாடாவை 1954-இல் கரீபே ஹில்டன் ஓட்டலின் பார்க்காரர் ரமோன் மர்ரேரோ உருவாக்கினார் என்று சொல்வார்கள். உரிமை கொண்டாடும் வேறு ஆட்களும் உண்டு. 1978-இல் அந்தத் தீவு அதைத் தன் அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்துவிட்டது. ஆனால் அவர்கள் பாடு சுலபம். அதில் சோடா கிடையாது, ஐஸோடு அடித்துக் குடிப்பதுதான். தேங்காயும் பிசுபிசுவென்று இனித்த டின் கிரீம். நமக்கு நுரையும் வேண்டும், பாலும் திரியக் கூடாது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பாலின் குற்றம் இரண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழாமல் திண்டாடியவர்களுக்கு முதல் குற்றம் உடனே புரியும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். முதல் பாலில் அந்தக் கொழுப்பு நிறைய. ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே ஏடாகக் கட்டிக்கொள்ளும். ஐஸ் சோடாவை அதன் தலையில் ஊற்றினால் ஏடு குருணை குருணையாக உடையும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. இரண்டாவது குற்றம் புளிப்பு. தேங்காய்ப் பாலிலும் புரதம் இருக்கிறது. பழப் புளிப்போடு எலுமிச்சையும் சேர்ந்துவிட்டால் அது திரண்டுவிடும். ஆப்பத்துக்கு ஊற்றும்போது இந்த இரண்டு தொல்லையும் இல்லை, ஏனென்றால் அங்கே குளிரும் இல்லை, புளிப்பும் இல்லை. முதல் பாலின் மணத்துக்கு ஈடாக வேறொன்றும் கிடையாது. ஆனாலும் இந்தப் பானத்தில் அதற்கு முதல் வரிசையில் இடமில்லை.

இரண்டாம் பால் திரியவில்லை. திரிவதற்கு அதில் சரக்கும் இல்லை. சோடா விட்டதும் அரிசி கழுவிய தண்ணீர் போல் ஆகிவிட்டது.

டின் பாலை நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். தேங்காய் விளையும் ஊரில் டின்னா? ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், பொருக்குத் தட்டாமல் நின்ற முதல் கிளாஸ் அதுதான். அதில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமலிருக்க குவார் கோந்து போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், அது கட்டிப் பிடித்துக்கொள்கிறது. வாங்கும்போது பெயரைப் பாருங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலைப்படி தேங்காய்ப் பால் என்றால் குறைந்தது 10 விழுக்காடு கொழுப்பு, தேங்காய்க் கிரீம் என்றால் குறைந்தது 20. இந்தப் பானத்துக்குப் பால் போதும், கிரீம் வாங்கினால் பழைய குருணைக் கதைதான். டின்னின் குறை அதன் வாசனை. கெடாமலிருக்க டின்னோடு சேர்த்துச் சூடாக்கியிருப்பதால் வெந்த வாடை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவனுக்கு அது தெரியவில்லை. ஆத்தாவுக்கு முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது.

தேங்காய்ப் பால் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல பொடிகளில் மாட்டுப் பாலிலிருந்து எடுத்த கேசினேட் என்ற புரதம் கலந்திருக்கும். அது புளிப்பைக் கண்டால் தேங்காய்ப் புரதத்தையும் முந்திக்கொண்டு திரியும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

மூன்றாம் நாள், இளநீர்க்காரர் வழக்கம்போல் "தண்ணீர்க்காயா, வழுக்கையா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வழுக்கையில் வழவழப்பு இருக்கிறது, முற்றிய தேங்காயின் கொழுப்பு இல்லை. உறைவதற்குக் கொழுப்பு இல்லாவிட்டால் குருணை எங்கிருந்து வரும்? விரலால் அழுத்தினால் அமுங்குகிற பதத்தில், ரப்பர் போல் இழுக்காத வழுக்கையாக இரண்டு காய் வாங்கினோம். மிக்சியில் நான்கைந்து கரண்டி இளநீரோடு ஓட்டியதும் தயிர்ச் சாதத்துக்குக் கடைந்த தயிர் போல் ஒரே சீராக வந்தது. குளிர வைத்தோம், ஏடு கட்டவில்லை. சாற்றை ஊற்றினோம், பிரியவில்லை. மெல்லிய வெள்ளைத் திரையில் ஊதா நூல் நூலாக இறங்கி, கலக்கியதும் மொத்தமும் கத்தரிப்பூ நிறமானது. குறை ஒன்றே ஒன்று. வழுக்கைக்குத் தேங்காய் மணம் போதாது. அதற்கு அரைக்கும்போதே இரண்டு கரண்டி முதல் பாலையும் சேர்த்து ஓட்டிவிட்டேன். அவ்வளவு கொஞ்சமான கொழுப்பை வழுக்கையின் வழவழப்பு தனக்குள் மடக்கி வைத்துக்கொள்கிறது. ஒதுக்கி வைத்த முதல் பால் இப்படிக் கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு என்றால் இளநீர் ஐஸ்கிரீம் ஒரு உருண்டையைக் கிளாஸில் போட்டுச் சோடாவை ஊற்றுங்கள். பொங்கும் பொங்கலில் வீடே கூடிவிடும். சாப்பிட்டு முடித்ததும் தாகம் இன்னும் கூடும், அது வேறு விஷயம்.

இனி பழம். அண்ணன் மகன் கேட்டது ராஸ்பெர்ரி. அது இங்கே கிடைத்தால் உறைந்த பெட்டியில்தான் கிடைக்கும், விலையைக் கேட்டால் நாமும் உறைந்துவிடுவோம். கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரி நல்ல பழம்தான், ஆனால் அதன் காலம் குளிரும் கோடையின் தொடக்கமும். ஆடியில் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ரீசர் சரக்கு. கரைய விட்டால் நீர் கோத்துக்கொண்டு மணம் பாதியாகிவிடுகிறது. தேங்காயோடு சேர்ந்ததும் ரோஸ்மில்க் போல் ஒரு நிறம், ஒரு சாதுவான இனிப்பு. குற்றமில்லை, குணமும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. தாவரவியல்காரர்களைக் கேட்டால் உண்மையான பெர்ரி திராட்சைதான், ஸ்ட்ராபெர்ரி பெயரில் மட்டும்தான் பெர்ரி. பன்னீர் திராட்சைச் சாறு மணமாக இருக்கிறது, புளிப்பும் அளவு. நாவல் இல்லாத மாதங்களில் என் கை அதற்குத்தான் போகும். ஆனால் தேங்காய்க்குள் போனதும் நிறம் சாம்பல் பூத்துவிடுகிறது, அது மட்டும் கண்ணுக்கு உறுத்தல்.

நாவலிடம் துவர்ப்பு இருக்கிறது. வழவழப்பான எதையும் தட்டி எழுப்ப ஒரு துவர்ப்பு வேண்டும், இல்லாவிட்டால் நான்காவது மிடறில் திகட்டிவிடும். ரோட்டோரக் கூடைக்காரம்மா பழத்தை உப்புப் போட்டுக் குலுக்கிக் கொடுப்பதிலும் அர்த்தம் இருக்கிறது, உப்பு துவர்ப்பின் முனையை மழுக்கும். கால் கிலோ பழத்தைக் கையால் பிசைந்து கொட்டையை எடுத்துவிட்டு, 100 கிராம் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு, கால் கிளாஸ் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து வடிகட்டினால் பாகு தயார். நன்றாக வடிகட்டுங்கள். திப்பி இருந்தால் சோடாவின் குமிழிகள் அதைப் பற்றிக்கொண்டு ஒரேயடியாகப் பொங்கி வழிந்துவிடும், கிளாஸில் மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், நாவலின் புளிப்பே போதும்.

சோடாவில் நான் கற்றது எல்லாம் அடிபட்டுக் கற்றது. பன்னீர் சோடா ஊற்றினால் கல்யாண வீட்டு வாசல் போல் ரோஜா மணம்தான் முன்னே நிற்கிறது, தேங்காயைக் காணோம். எலுமிச்சைச் சுவை உள்ள பாட்டில் பானங்கள் இனிப்பையும் புளிப்பையும் சேர்த்தே கொண்டுவருகின்றன, திரிதலுக்கு அழைப்பு வைத்தது போல. மிஞ்சுவது வெறும் சோடா. அதிலும் சிலவற்றில் சோடியம் பைகார்பனேட் என்ற காரப்பொருள் சேர்ந்திருக்கும். நாவலின் நிறம் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். அதனால் அந்தச் சோடாவில் கத்தரிப்பூ நிறம் மங்கி ஒரு மாதிரி ஈய நிறமாகிவிடும்.

கோலி சோடா பாட்டிலுக்கு இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்றார். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்து வைத்திருக்கும். உடைத்ததும் வரும் அந்தச் சத்தத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் ஒரு பாட்டிலை உடைத்தால் ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும், மூடி வைக்க வழியில்லை. இரண்டு கிளாஸ் ஒன்றாகக் கலந்தால் தோது. வீட்டில் வாயு ஏற்றும் மெஷின் வைத்திருப்பவர்கள் தண்ணீருக்கு மட்டும் ஏற்றுங்கள். தேங்காய்க் கலவையை அதில் ஊற்றினால் நுரை மெஷினுக்குள்ளேயே ஏறிவிடும்.

எந்தச் சோடாவானாலும் ஐஸ் போலக் குளிர்ந்திருக்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் கரைவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயு 0 டிகிரியில் கரைந்து நிற்கும். சூடான சோடா பாட்டிலைத் திறந்ததும் பாதி காற்றிலேயே போய்விடும், செட்டிநாட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம். அப்புறம் குலுக்கக் கூடாது. அண்ணன் மகன் பார்க்காரர் போல் குலுக்கிக் காட்ட ஆசைப்பட்டான். ஷேக்கர் இல்லை, எவர்சில்வர் தூக்கு இருந்தது. சாறு, பால், சோடா எல்லாவற்றையும் அதில் ஊற்றி, மூடியை அழுத்தி, நாலு குலுக்கு. ஐந்தாவது குலுக்கில் மூடி பட்டாலைத் தூணில் போய் மோதியது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் இழைத்துப் பூசிய பழைய சுவரை ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்ததும் பளிங்கு போல் ஆகிவிட்டது. தரைதான் சோதித்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மதுவில் போட்டி சிறியது. டாஸ்மாக்கில் கிடைக்கும் வெள்ளை ரம்தான் இதற்குப் பொருத்தம். கரும்பின் இனிப்பு வாடை தேங்காயோடு ஒத்துப்போகும், நிறத்தையும் கெடுக்காது. ஓல்ட் மாங்க் போன்ற கறுப்பு ரம் ருசியில் வெள்ளையையும் மிஞ்சியது, வெல்லமும் தேங்காயும் சேர்ந்தது போல. பினா கொலாடாவுக்குச் சொல்லப்படும் அதே 1954-இல்தான் அதுவும் சந்தைக்கு வந்தது என்பது ஒரு தற்செயல். ஆனால் நாவலோடு கலந்ததும் கண்மாய்க் கலங்கல் நிறம். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர்கள் அதையே ஊற்றலாம். வோட்கா ஏறுவதற்கு மட்டும் உதவும், ருசிக்கு ஒன்றும் செய்யாது. ஜின்னின் மூலிகை வாடை தேங்காயோடு சண்டை பிடிக்கிறது. 21 வயது ஆகாதவர்களுக்கும் ஆத்தாவைப் போன்றவர்களுக்கும் ரம்முக்குப் பதில் அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு. தொண்டையில் அந்த லேசான எரிப்பு வந்துவிடுகிறது, ரம் இல்லாத குறையே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கடைசியாக நின்ற அளவு இது. உயரமான கிளாஸை முதலில் ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். நாவல் பாகு 45 மில்லி, ரம் 45 மில்லி, இரண்டையும் கிளாஸிலேயே கலந்துகொள்ளுங்கள். அதன் மேல் குளிர்ந்த வழுக்கைக் கலவை 60 மில்லியை ஊற்றி நீளக் கரண்டியால் நிறம் ஒன்றாகும்வரை கலக்குங்கள். பெரிய ஐஸ்கட்டி மூன்று. பிறகு சோடா 120 மில்லி, கிளாஸைச் சாய்த்து ஓரமாக, மோர் தாளிக்கும் அவசரமில்லாமல். ஊற்றிய பின் அடியிலிருந்து ஒரே ஒரு முறை கரண்டியை மேலே தூக்கினால் போதும். நுரை விளிம்புக்கு மேல் ஒரு விரல்கடை எழும்பி நிற்கும்.

இஞ்சி விட்ட கிளாஸை ஆத்தா முழுவதும் குடித்தார். "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

அண்ணன் மகன் ஊருக்குப் போன மறுநாள், மீந்த தேங்காய்களின் முதல் பாலெல்லாம் பால் பணியாரத்துக்குப் போயிற்று. தூக்கு வெடித்த இடத்தில், ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சள் பூவுக்கு நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஊதாக் கறை இருக்கிறது. சிமெண்டுக் கல் அல்லவா, சாற்றைக் குடித்துவிட்டது. ஆத்தா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார். துடைக்கிறேன். கல் மினுங்குகிறது, கறையும் சேர்ந்து மினுங்குகிறது.