காமன் ஆப் விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதி: ஒரு தந்தையின் மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் நிரப்பும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தை 1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கின; இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. சென்ற ஆண்டு மகளுடன் உட்கார்ந்து வகுப்பறைக்கு வெளியே செய்தவற்றைப் பட்டியலிடும் அதன் செயல்பாடுகள் பகுதியை நிரப்பியபோது, எது பாடத்திற்குப் புறம்பான செயல்பாடு, எது வெறும் பொழுதுபோக்கு என்ற கேள்வியிலேயே இரண்டு வாரங்கள் கழிந்தன.

மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமை காலைகளில் வீட்டருகே உள்ள குளத்துக்குச் சென்று, கண்ட பறவைகளை எண்ணி, பறவை நோக்குவோரின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிந்து வருகிறாள். நாங்கள் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகரோ, பதவியும் சான்றிதழும் இல்லாத அதை விட்டுவிட்டு ஒரு மன்றம் தொடங்கித் தலைவராகிவிடச் சொன்னார். ஆனால் எவற்றை எழுதலாம் என்பதற்கு விண்ணப்பமே தரும் எடுத்துக்காட்டுகளில் பொழுதுபோக்கு, குடும்பப் பொறுப்பு, வேலை ஆகியவையும் உள்ளன. கட்டணம் செலுத்துமுன் அதைப் படித்திருக்கலாம்.

உண்மையான சோதனை இடப்பற்றாக்குறைதான். பத்துச் செயல்பாடுகளுக்கு மேல் இடமில்லை; ஒவ்வொன்றின் விவரத்துக்கும் இடைவெளி உட்பட 150 எழுத்துகள். மகளின் முதல் வரைவு பறவைகள்மீது தனக்குள்ள பேரார்வத்தைச் சொல்வதிலேயே தீர்ந்துபோயிற்று. மூன்றாம் வரைவில் குளம், சனிக்கிழமை, 94 இனங்கள், ஈபேர்ட் பதிவுகள் என்பவை மட்டும் நின்றன; ஆர்வம் தானாகத் தெரிந்தது. கொரியத் தொடர்கள் பார்ப்பதையும் எழுதலாமா என்று கேட்டாள். அந்த 150 எழுத்துகளில் என்ன எழுதுவாய் என்று நான் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

குறை ஒன்று உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பதற்கு எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே எண்தான் கொடுக்க முடியும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மணி நேரமாக இருந்தது பின்னர் மூன்றாக வளர்ந்ததைக் காட்ட வழியில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தனி விண்ணப்பத்தில் 20 பதிவுகளும் ஒவ்வொன்றுக்கும் 350 எழுத்துகளும் கிடைக்கின்றன என்பதைப் பார்க்கையில் இந்த நெருக்கடி இன்னும் உறுத்துகிறது.

செயல்பாடுகளை முக்கியத்துவ வரிசையில் அடுக்கச் சொல்வதை மட்டும் மனமாரப் பாராட்டுவேன். மகள் பறவைகளை இரண்டாவதாக வைத்தாள். இரண்டே முறை எட்டிப்பார்த்த கணித மன்றத்தை அவளாகவே நீக்கிவிட்டாள்.