அதாகோவா, அகிபாவா?

தீயிலிருந்து காப்பாற்றச் சொல்லி ஜப்பானில் ஷிண்டோ (அந்நாட்டின் பூர்வீக மதம்) ஆலயம் தேடினால் இரண்டு மலைகள்தான் முதலில் வரும். கியோட்டோவில் 924 மீட்டர் அதாகோ. ஹமாமட்சுவில் 866 மீட்டர் அகிபா. இரண்டிலும் தீக்கடவுள் ககுட்சுச்சி உண்டு. பிறக்கும்போதே தாயைச் சுட்டுக் கொன்ற பிள்ளை. அவனிடமே காவல் கேட்கிறார்கள்!

அதாகோவுக்கு நடந்துதான் ஏற வேண்டும். மலையடிவாரக் கியோட்டகியிலிருந்து இரண்டு மணி நேரமாவது ஆகும். ஜூலை 31 இரவு ஏறினால் ஆயிரம் நாள் வந்த பலனாம். மூன்று வயதுக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் ஆயுசுக்கும் தீ அண்டாது என்பார்கள். இறங்கும்போது கையில் 'தீ, கவனம்' என்று எழுதிய தாள். கியோட்டோ அடுப்பங்கரைகளில் புகை படிந்து பழுப்பேறி ஒட்டியிருப்பது அதுதான்.

அகிபாவின் மேல் ஆலயம்வரை கார் போகும். டிசம்பர் தீத்திருவிழாவில் வில், வாள், தீ என்று மூன்று ஆட்டம். வேடிக்கை என்னவென்றால், 1943இல் காட்டுத்தீயில் அந்த ஆலயமே எரிந்துபோனது. 1986இல்தான் திரும்பக் கட்டினார்கள். ஆனால் பெயர் பரவியதில் அகிபாதான் கெட்டி. 1869 தீவிபத்துக்குப் பின் டோக்கியோவில் எழுப்பிய தீத்தடுப்பு ஆலயத்தை மக்கள் அகிபா என்றே நினைத்துக்கொள்ள, அந்த இடம் அகிஹபாரா ஆனது.

முழங்கால் ஒத்துழைத்தால் அதாகோ என்பேன். இல்லையா, சரி, காரை எடுங்கள்.