முதல் ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) விமானம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அக்கா மகனுக்கு ரிமோட் விமானம் வாங்கச் சென்னையில் ஒரு ஹாபி கடைக்குப் போனோம். பையன் இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை, கற்றுக்கொள்ள ஏற்றதாகக் கொடுங்கள் என்று தெளிவாகவே சொன்னேன். கடைக்காரர் எடுத்து வைத்தது ஃபோமில் செய்த ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர் விமானத்தின் மாதிரி. "இதில் வால் சக்கரம்தானே இருக்கிறது, முதலில் மூக்குச் சக்கரம் உள்ளதுதான் சுலபம் என்கிறார்களே?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், உள்ளே ஜைரோ இருக்கு, அதுவே பார்த்துக்கும்" என்றார். விமானம் சாயாமல் சமன்செய்யும் கருவியைத்தான் ஜைரோ என்கிறார். பொருத்திக் கொடுக்கத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார்.

இரண்டும் ஒன்றே அல்ல. டிரைசைக்கிள் என்கிற மூக்குச் சக்கர வகையில் விமானத்தின் எடை பின் சக்கரங்களுக்கு முன்னால் விழும். ஓடும்போது கொஞ்சம் திரும்பினாலும் தானே நேராகிவிடும். டெயில் டிராகர் என்கிற வால் சக்கர வகையில் எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சற்று விலகினால் போதும், வால் முன்னால் வரப் பார்க்கும், விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். புரொப்பல்லரின் இழுப்பும் சேர்ந்து இடப்பக்கம் தள்ளும். வேகத்தை மெல்லக் கூட்டி, வலது ரட்டர் (பக்கவாட்டில் திருப்பும் வால் தகடு) கொடுத்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) சற்று மேலே பிடித்து ஓட்டவேண்டும். புதிதாகப் பழகும் பையனிடம் அத்தனையையும் ஒரே நொடியில் எதிர்பார்ப்பது நியாயமா? போதாததற்கு ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் வேறு நெருக்கமாக இருக்கும்.

மைதானத்தில் வேகம் கொடுத்தபோதெல்லாம் விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. புரொப்பல்லர் உடைந்தது, அப்புறம் மோட்டார் ஷாஃப்ட் வளைந்தது. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் "கை பழகணும் சார்" என்று சொல்லி அடுத்த உதிரிப்பாகத்தை விற்றார். பையன் தனக்கே திறமை இல்லை என்று நம்பத் தொடங்கிவிட்டான். எனக்குக் காசு போனதைவிட இதுதான் பொறுக்கவில்லை.

அங்கே பல வருடமாகப் பறக்கவிடும் பெரியவர் ஒருவர் விமானத்தைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். சக்கரக் கம்பிகள் முன்னோக்கிச் சாய்வதற்குப் பதில் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. இடது வலது மாற்றிச் செருகியிருக்கிறார்கள். இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி இருக்கவேண்டிய சக்கரம் எடைப்புள்ளிக்கு அடியிலேயே வந்துவிட்டது. அப்படி இருந்தால் அனுபவசாலி ஓட்டினாலும் குப்புறத்தான் விழும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். விலைச் சீட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பிய்த்தால் அடியில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது: அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். கடைக்காரரிடம் காட்டினேன். உடைந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். பில்லையும் பெட்டியின் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

டெயில் டிராகர் மோசமான வகை என்று சொல்லவரவில்லை. கரடுமுரடான புல்தரையில் மூக்குச் சக்கரம்தான் முதலில் வளையும், அங்கே வால் சக்கரம் நன்றாகவே ஓடும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பைப்பர் கப் மாதிரி விமானம் போன்ற, உடலுக்கு மேலே இறக்கை உள்ள டெயில் டிராகரில்கூடப் பழகலாம். ஆள் இல்லையென்றால் மேல் இறக்கையும் மூக்குச் சக்கரமும் உள்ள டிரெய்னரையே, அதாவது பழகுவதற்கான விமானத்தையே கேளுங்கள். காசு கொடுக்குமுன் பெட்டியில் ஒட்டிய சீட்டுகளைக் கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்கவேண்டாம்.